எதை மனப்பாடம் செய்வது, எதை ஒப்படைப்பது: பாஸ்வேர்டு முறைகள் ஓர் ஒப்பீடு

ஜிமெயில், வங்கி, வருமான வரி, பி.எஃப்., ரயில் டிக்கெட், மின்கட்டணம், கேஸ் புக்கிங், பிள்ளைகளின் கல்லூரித் தளம், இரண்டு மூன்று ஷாப்பிங் ஆப். சேலத்தில் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் கணக்குகளைக் கூட்டினால் இருபது, முப்பது சாதாரணமாகத் தேறும். ஒவ்வொன்றுக்கும் தனி பாஸ்வேர்டு, ஒவ்வொன்றும் கடினமானது, அத்தனையும் ஞாபகத்தில் இருக்க வேண்டும் என்றால் யாராலும் ஆகாது. ஆகாததைக் கேட்பதால்தான் ஜனங்கள் ஒரே பாஸ்வேர்டை எல்லா இடத்திலும் போட்டுவிடுகிறார்கள். ஆகவே முதலில் முடிவு செய்ய வேண்டியது வேறு விஷயம்: எந்த இரண்டு மூன்றை மட்டும் மனசில் வைத்துக்கொள்வது, மீதியை எதனிடம் ஒப்படைப்பது?

கீழே வரும் உதாரணங்களைத் தமிழில் எழுதியிருக்கிறோம். வேறாகச் சொல்லாத இடத்தில் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டுவதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

உடைப்பது எப்படி நடக்கிறது

இரண்டு வகைத் தாக்குதல் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொண்டால் எந்த ஒப்பீடும் தவறாகிவிடும்.

ஒன்று, தளத்தின் வாசலிலேயே நின்று முயல்வது. வங்கித் தளம் சில தவறுக்குப் பிறகு கணக்கைப் பூட்டிவிடும். யுபிஐ பின் வெறும் 4 அல்லது 6 இலக்கம்தான். ஆனாலும் அது தாக்குப் பிடிப்பதற்குக் காரணம் இந்தப் பூட்டுதான். 4 இலக்கத்தில் 10,000 வாய்ப்பு இருக்கிறது, திருடனுக்குக் கிடைப்பதோ இரண்டு மூன்று முயற்சி. அதையே பிறந்த ஆண்டாக வைத்தால் பத்தாயிரம் அறுபது எழுபதாகச் சுருங்கும். 0427 என்று ஊர் எஸ்.டி.டி. எண்ணை வைத்தால் முதல் முயற்சியிலேயே போகும்.

இரண்டாவது, எங்கோ ஒரு தளத்தின் பாஸ்வேர்டுக் கிடங்கு மொத்தமாகத் திருடு போய், திருடியவர் தன் கணினியில் நிதானமாக உடைப்பது. அங்கே பூட்டு கிடையாது. 2009-ல் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து 3.2 கோடி பாஸ்வேர்டுகள் மறைக்கப்படாமல் அப்படியே கசிந்தன. அந்தப் பட்டியல் இன்றும் ஊகிக்கும் மென்பொருள்களில் முதல் ஆயுதமாக ஓடுகிறது. லிங்க்டின் தளத்தில் 2012-ல் நடந்த திருட்டில், 11.7 கோடிக் கணக்குகளின் விவரம் 2016-ல் விற்பனைக்கு வந்தது.

நல்ல தளம் பாஸ்வேர்டை அப்படியே வைக்காது. அதை ஹாஷ் என்ற கணக்கீட்டில் அரைத்து, திரும்ப எடுக்க முடியாத ஒரு குறியீடாக மாற்றி வைக்கும். எந்த ஹாஷ் என்பதுதான் வேகத்தைத் தீர்மானிக்கிறது. பழைய எம்.டி.5 முறை என்றால், ஆர்.டி.எக்ஸ். 4090 வகை கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றே விநாடிக்கு 16,000 கோடிக்கு மேல் ஊகங்களைப் போட்டுப் பார்க்கும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண், குறி எல்லாம் கலந்த எட்டு எழுத்துகளில் சுமார் 6,100 லட்சம் கோடிச் சேர்க்கைகள் உண்டு. கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் அந்த ஒரு கார்டு பத்து மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக ஓடினால் அத்தனையும் முடிந்தது. அதே பாஸ்வேர்டைத் தளம் பிகிரிப்ட் போன்ற மெதுவான முறையில் வைத்திருந்தால் கார்டு விநாடிக்கு ஆயிரக் கணக்கில்தான் முயல முடியும், காலம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நீளும். எந்தத் தளம் எந்த முறையில் வைக்கிறது என்பது நமக்குத் தெரிய வழியில்லை. மோசமானதை எதிர்பார்த்துத்தான் நாம் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வலிமையை அளக்கும் அலகு பிட். ஒரு பிட் கூடினால் உடைப்பவரின் வேலை இரட்டிப்பாகும். 40 பிட் என்பது பூட்டு உள்ள இடத்துக்குப் போதும். மெயிலுக்கு 60-க்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர், ஊர், எண், ஒரு குறி

அதிகம் பேர் பயன்படுத்துவது இதைத்தான்: சேலம்@636001, முருகன்#1984, ஏற்காடு@123, வண்டி எண்ணின் டிஎன்30-ஐ வாலாகச் சேர்த்த குழந்தையின் பெயர். 'பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, குறி ஒன்று' என்ற தளத்தின் நிபந்தனை இதில் நிறைவேறிவிடும், பச்சை விளக்கும் எரியும். ஆனால் உடைப்பவர் எழுத்து எழுத்தாகப் போவதில்லை. பத்தாயிரம் பெயர்-ஊர்-சாமிச் சொற்கள், ஆயிரம் வால்கள், இருபது விதமான குறி மாற்றங்கள் என்று பெருக்கினால் 20 கோடிதான் வரும். மேலே சொன்ன கார்டுக்கு அது ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்குகூட எடுக்காத வேலை. 'ஏ'-வுக்குப் பதில் @, 'எஸ்'-ஸுக்குப் பதில் $, 'ஓ'-வுக்குப் பதில் பூஜ்யம் போடுவதெல்லாம் அந்த மென்பொருள்களில் ஆயத்த விதிகளாகவே இருக்கின்றன.

நம் ஊரில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இ-ஆதார் பி.டி.எஃப்.-ஐத் திறக்கப் பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த ஆண்டும் போட வேண்டும். பல வங்கி ஸ்டேட்மென்ட்டுகளும் இதே பாணி. அந்தப் பழக்கத்தில் பலர் அதையே ஜிமெயிலுக்கும் வைத்துவிடுகிறார்கள். ஆதார் ஜெராக்ஸ் எத்தனை லாட்ஜ், எத்தனை சிம் கடை, எத்தனை அலுவலகத்தில் கிடக்கிறது என்று யோசித்தால் போதும். இந்த முறையை முழுமையாகக் கைவிடுங்கள். திருத்திச் சரிசெய்ய இதில் எதுவும் இல்லை.

குறி, எண், கட்டாய மாற்றம் என்ற விதிகள் பரவியதற்கு ஒரு மூலம் அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2003-ல் வெளியிட்ட வழிகாட்டி. அதை எழுதிய பில் பர் 2017-ல் அதில் பெரும்பகுதிக்காக வருந்துவதாகப் பத்திரிகையிடம் வெளிப்படையாகச் சொன்னார். அதே ஆண்டு நிஸ்ட் தன் விதிகளை மாற்றியது: நீளம் முக்கியம், குறியைக் கட்டாயப்படுத்த வேண்டாம், கசிந்ததாகத் தெரிந்தால் ஒழிய மாற்றச் சொல்ல வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொன்னால் எல்லோரும் கடைசி எண்ணை 1-லிருந்து 2 ஆக்குகிறார்கள். இது உடைப்பவருக்கும் தெரியும்.

முதலெழுத்து முறை

ஒரு வாக்கியத்தை நினைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தையும் தட்டுவது. பார்க்கத் தாறுமாறாக இருக்கும், ஞாபகத்துக்கோ சுலபம். பலமெல்லாம் வாக்கியம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் இருக்கிறது. குறள் ஒன்றை எடுத்தால் ஏழு சீர், ஏழு எழுத்து. ஆனால் குறள்கள் மொத்தமே 1330. அதாவது 11 பிட்டுக்கும் குறைவு. யாராவது ஒருமுறை உட்கார்ந்து 1330-ஐயும் ஓடவிட்டால் முடிந்தது. பழமொழி, பிரபலமான பாட்டின் பல்லவி, கந்த சஷ்டிக் கவச வரி எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

சொந்தமாகக் கட்டிய, எங்கும் அச்சில் வராத, பன்னிரண்டு சொல்லுக்குக் குறையாத வாக்கியம் என்றால் பரவாயில்லை. 14 எழுத்துக்கு மேல் வாங்காத தளங்களில் இது கைகொடுக்கும். ஆனாலும் அதன் வலிமையை எண்ணில் சொல்ல முடியாது. மனிதர்கள் கட்டும் வாக்கியங்களில் சில முதலெழுத்துகள் திரும்பத் திரும்ப வரும். நடுத்தரம் என்றே இதை மதிப்பிடுகிறோம்.

ஒரு மூலம், தளத்துக்கு ஒரு வால்

ஒரு நல்ல மூலச் சொல்லுடன் தளத்தின் முதல் மூன்று எழுத்தைச் சேர்ப்பது படித்தவர்களிடையே பரவலான முறை. ஒரு தளத்தில் கசிந்த பாஸ்வேர்டை மற்றத் தளங்களில் மென்பொருள் தானாகப் போட்டுப் பார்க்கும் திருட்டுக்கு இது ஓரளவு தப்பும். ஆனால் சின்ன ஷாப்பிங் தளம் ஒன்றில் உங்கள் பாஸ்வேர்டு கசிந்து ஒரு மனிதர் அதைக் கண்ணால் பார்த்தால், வங்கிக்கு நீங்கள் என்ன வைத்திருப்பீர்கள் என்பது உடனே புரிந்துவிடும். நடைமுறைச் சிக்கல் வேறு: ஒரு தளம் கட்டாயமாக மாற்றச் சொன்னவுடன் சூத்திரம் உடைகிறது. 'இதற்கு மட்டும் கடைசியில் 2' என்று விதிவிலக்குகள் சேர்ந்து, இரண்டு வருடத்தில் எதுவும் ஞாபகத்தில் இராது.

உருட்டிப் பார்த்து எடுக்கும் சொற்கள்

மனப்பாடம் செய்ய வேண்டிய பாஸ்வேர்டுக்கு எங்கள் தேர்வு இதுதான். காரணம் எளியது. நாமாகத் தேர்ந்தெடுக்கும் சொல் அடுத்தவரும் ஊகிக்கக்கூடிய சொல். சொல்லைத் தேர்ந்தெடுக்கும் வேலையை உருட்டும் பகடையிடம் கொடுத்துவிட்டு, கோர்த்து ஞாபகம் வைக்கும் வேலையை மட்டும் மனசு செய்தால் வலிமையும் ஞாபகமும் ஒன்றோடொன்று மோதாது.

ஆர்னால்ட் ரைன்ஹோல்ட் 1995-ல் வெளியிட்ட டைஸ்வேர் முறையில் ஆறு பக்கப் பகடையை ஐந்து முறை உருட்டி, 7,776 ஆங்கிலச் சொற்கள் உள்ள பட்டியலிலிருந்து ஒரு சொல்லை எடுப்பார்கள். ஒரு சொல்லுக்கு 12.9 பிட். நான்கு சொல் 52-க்குச் சற்றுக் குறைவு, ஐந்து 64, ஆறு 77. இ.எஃப்.எஃப். என்ற அமைப்பு 2016-ல் வெளியிட்ட பட்டியலில் சொற்கள் இன்னும் எளிமையானவை, இலவசமாகக் கிடைக்கும். ஆங்கிலத்தில் சரளமாகத் தட்டுபவர்கள் அதையே எடுத்துக்கொள்ளுங்கள், வேறு யோசிக்க வேண்டாம்.

ஆங்கிலச் சொல் மனசில் தங்காதவர்களுக்குத் தாயக்கட்டை இருக்கிறது. அதற்கு நான்கு பக்கம்: வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று. கட்டை இரண்டில் ஒன்றின் முனையில் நெயில் பாலிஷ் வைத்து அடையாளம் செய்துகொள்ளுங்கள். அடையாளக் கட்டையின் எண் முதலில், மற்றதன் எண் அடுத்து. இப்படி எழுதினால் ஒரு வீச்சில் 00 முதல் 33 வரை 16 முடிவுகள், எல்லாம் சம வாய்ப்பு. இரண்டு வீச்சில் 256, அதாவது சரியாக 8 பிட். விளையாடும்போது போல இரண்டையும் கூட்டிவிடக் கூடாது. கூட்டினால் 3 விழ நான்கு வழி, 6 விழ ஒரே வழி என்று சமம் கெட்டுவிடும். கையில் உரசிவிட்டு நழுவவிடாமல் தரையில் நன்றாக உருள விடுவதும் அவசியம். பழகிய கைக்கு வேண்டிய எண்ணை விழவைக்கத் தெரியும்.

சொற்பட்டியல் ஒரு நோட்டில் இரண்டு பக்கம். பதினாறு தலைப்பு, தலைப்புக்குப் பதினாறு சொல். அடுக்களை, மரம், பறவை, கருவி, துணிமணி, நகை, வாத்தியம், வண்டி என்று தலைப்புகள் எளிதாகக் கிடைக்கும். சேலத்துக்காரர்களுக்குக் கொலுசு, தறி, ஜவ்வரிசி, மிளகு, காபி எல்லாம் தாமாகவே வந்து விழும். முதல் வீச்சு தலைப்பை எடுக்கும், இரண்டாவது வீச்சு சொல்லை எடுக்கும். பட்டியல் ரகசியம் இல்லை. அடுத்தவர் பார்த்தாலும் வலிமை குறையாது, ஏனென்றால் மேலே சொன்ன 8 பிட் கணக்கே பட்டியல் தெரிந்த எதிராளியை வைத்துப் போட்டதுதான்.

பட்டியல் எழுதும்போது தவறு நடக்கும் இடம் எழுத்துக்கூட்டல். தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் அடிக்க எல்லோருக்கும் நான்கு வழி உண்டு. நெடிலுக்கு ஒற்றை 'ஏ'-வா இரட்டை 'ஏ'-வா, 'த'-வுக்கு 'எச்' சேர்ப்பதா வேண்டாமா, 'ழ'-வை எப்படி அடிப்பது என்று ஆறு மாதம் கழித்துத் திண்டாட்டம் வரும். ஆகவே ஒரே விதி வைத்துக்கொள்ளுங்கள்: நெடிலானாலும் ஒற்றை எழுத்து, ழ வரும் சொற்களைத் தவிர்ப்பது, ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் ஆங்கில எழுத்துக்கூட்டலை எழுதிவைப்பது. இந்த விதியில் பல்லும் பாலும் ஒன்றாகிவிடும், கல்லும் காலும் ஒன்றாகிவிடும். அப்படிப்பட்ட ஜோடியில் ஒன்றை நீக்குங்கள்.

உதாரணமாக ஏழு சொற்கள் இப்படி வரலாம்: கரண்டி, கொக்கு, ஏணி, மிளகு, சட்டை, தவில், படகு. இதைக் கோர்க்க அதிக நேரம் வேண்டாம். கரண்டியைக் கவ்விய கொக்கு ஏணியில் ஏறி மிளகு பறித்துச் சட்டைப் பையில் போட்டு, தவில் வாசித்துக்கொண்டே படகில் போகிறது. ஏற்காட்டில் சில்வர் ஓக் மரத்தில் படரும் மிளகுக் கொடியை ஏணி வைத்துப் பறிப்பதைப் பார்த்தவர்களுக்கு நடு இரண்டு சொல்லும் மறக்கவே மறக்காது. தட்டும்போது பெயர்ச்சொற்கள் மட்டும், இடையில் சிறு கோடு. இங்கே அச்சாகிவிட்டதால் இந்த ஏழு சொற்களை யாரும் பயன்படுத்தக் கூடாது.

விழுந்த சொல் பிடிக்கவில்லை என்றால் முழு வரிசையையும் மறுபடி உருட்டுங்கள். பத்து வரிசை உருட்டி நல்லதாக ஒன்றைப் பொறுக்கினாலும் இழப்பு அதிகபட்சம் மூன்று பிட்டுக்குச் சற்று மேல்தான், அதைத் தாங்கலாம். ஆனால் கட்டை தராத ஒரு சொல்லை நீங்களாக நுழைத்தால் அந்தச் சொல்லின் 8 பிட்டையும் கணக்கில் சேர்க்க முடியாது. 'மிளகுக்குப் பதில் பேத்தி பெயர்' என்பது அந்த வகை.

கணினி லாகினுக்கு ஐந்து சொல் போதும். மெயிலுக்கும் பாஸ்வேர்டு மேனேஜருக்கும் (மற்றப் பாஸ்வேர்டுகளையெல்லாம் பூட்டி வைத்திருக்கும் ஆப்) எட்டு, அதாவது 64 பிட், ஐந்து ஆங்கிலச் சொல்லுக்குச் சமம். எட்டுத் தமிழ்ச் சொல் கோடுகளோடு 50 எழுத்தைத் தாண்டும், போனில் தட்டச் சலிப்பாகத்தான் இருக்கும். கண் அடையாளத்தை அழுத்தி எழுத்துகளைப் பார்த்துக்கொண்டே அடியுங்கள். தளம் பெரிய எழுத்தும் எண்ணும் கேட்டால் முதல் எழுத்தைப் பெரிதாக்கி, கடைசியில் ஒரு எண் போடுங்கள். அது நிபந்தனைக்காக மட்டும், வலிமைக்காக அல்ல.

மனப்பாடத்துக்கும் ஒரு ஒழுங்கு உண்டு. உருட்டிய அன்று ஐந்து முறை, மறுநாள் காலையும் இரவும், பிறகு மூன்றாம் நாள், ஏழாம் நாள் தட்டிப் பாருங்கள். எழுதிய சீட்டை இரண்டு வாரம் பர்ஸில் வைத்திருந்து, அதன் பிறகு பீரோ லாக்கரில் போடுங்கள். கிழித்துப் போட வேண்டாம். காய்ச்சலில் ஒரு வாரம் படுத்து எழுந்தால் மூன்றாவது சொல் மறந்துபோகும்.

தமிழ் எழுத்திலேயே வைத்தால்?

ஆசையாக இருக்கும், ஊகிப்பவரின் பட்டியலிலும் தமிழ் எழுத்து அபூர்வம். ஆனாலும் நாங்கள் பரிந்துரைப்பதில்லை. திரையில் ஒன்றாகத் தெரியும் 'கொ' கணினிக்குள் இரண்டு விதமாக உருவாகலாம். சில கீபோர்டுகள் 'ொ' என்ற முழுக் குறியை ஒரே எழுத்தாக அனுப்பும். சில, கொம்பையும் காலையும் தனித்தனியாக அனுப்பும். தளம் இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்ளாவிட்டால், போனில் வைத்த பாஸ்வேர்டு ஆபீஸ் கணினியில் தவறு என்று வரும், கண்ணுக்கோ வித்தியாசமே தெரியாது. மேலும் தமிழில் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். பிகிரிப்ட் 72 பைட்டோடு நிறுத்திக்கொள்ளும், அதாவது 24 குறியீடு. 'ம்' என்பது 'ம'-வும் புள்ளியுமாக இரண்டு குறியீடு என்பதால் பதினைந்து எழுத்துக்குள்ளேயே எல்லை வந்துவிடலாம். அதற்குப் பின் நீங்கள் அடிப்பது எதுவும் கணக்கில் சேராது. நிறையத் தளங்கள் ஏற்பதுமில்லை. தாலுகா ஆபீஸ் பக்கத்துக் கடையின் கணினியில் தமிழ் கீபோர்டு இருக்குமா என்பதும் சந்தேகம்.

நோட்டா, மேனேஜரா, பாஸ்கீயா

மனசில் வைக்காத மீதிக் கணக்குகளுக்கு மூன்று வழி.

நோட்டில் எழுதுவதை நாங்கள் கேவலமாக நினைக்கவில்லை. எங்கோ தொலைதூரத்தில் இருந்து உடைப்பவரால் செவ்வாய்ப்பேட்டை வீட்டு பீரோவைத் திறக்க முடியாது. நோட்டுக்கு ஆபத்து வீட்டுக்குள் வந்துபோகிறவர்கள், ஹாஸ்டல் அறைத் தோழர்கள், தீ, தண்ணீர். எனவே நோட்டில் எழுதுவது முழு பாஸ்வேர்டாக இருக்கக் கூடாது. கடைசியில் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு சொல் மனசில் மட்டும் இருக்கட்டும். நோட்டைப் பார்த்தவர் உள்ளே நுழைய முடியாது. பூஜ்யத்துக்குக் குறுக்கே கோடு போடுங்கள், பெரிய எழுத்துக்கு அடிக்கோடு போடுங்கள். ஏற்காடு பக்கம் மழைக்காலத்து ஈரத்தில் ஜெல் பேனா மை பரவிவிடும். பால்பாயிண்ட் பேனாவும் ஜிப் உறையும் வேண்டும். நோட்டின் பெரிய குறை வேறு: போலித் தளத்தை அது கண்டுகொள்ளாது. வங்கிப் பெயரில் ஒரே எழுத்து மாறிய முகவரிக்குப் போனாலும் நீங்கள் பார்த்துத் தட்டிவிடுவீர்கள்.

அந்த இடத்தில்தான் மேனேஜர் முந்துகிறது. பாஸ்வேர்டைத் தானாக நிரப்பும்முன் அது முகவரியை ஒப்பிடும், ஒரு எழுத்து மாறினாலும் நிரப்பாது. 'ஏன் நிரப்பவில்லை' என்று தோன்றினால் கையால் அடிக்காமல் முகவரியைப் பாருங்கள். பிட்வார்டன் இலவசமாகவே எல்லாக் கருவிகளிலும் ஓடும். கீபாஸ்எக்ஸ்சி உங்கள் கணினியிலேயே ஒரு கோப்பாக வைத்திருக்கும், காப்பி எடுக்கும் பொறுப்பு உங்களுடையது. கூகுளின் மேனேஜர் ஆண்ட்ராய்டில் ஏற்கெனவே இருக்கிறது. எதையும் நிறுவ விரும்பாதவர்களுக்கு அதுவே போதும், போன் பூட்டு பலமாக இருந்தால்.

மேனேஜர் நிறுவனமே திருடு போனால்? 2022-ல் லாஸ்ட்பாஸில் அது நடந்தது. வாடிக்கையாளர்களின் பூட்டிய பெட்டகங்களின் நகல் திருடு போயின. தளங்களின் முகவரிகள் அதில் மறைக்கப்படாமலே இருந்தன. பெட்டகத்தின் உள்ளிருந்த பாஸ்வேர்டுகளைக் காத்தது, பெட்டகத்தைத் திறக்கும் மாஸ்டர் பாஸ்வேர்டு ஒன்றுதான். அதனால்தான் அதற்கு எட்டுச் சொல் என்கிறோம். பிட்வார்டனில் மாஸ்டரை மறந்தால் நிறுவனத்தாலும் திறந்து தர முடியாது. பீரோச் சீட்டு இங்கே கட்டாயம்.

பாஸ்கீயில் பாஸ்வேர்டே இல்லை. போனில் ஒரு சாவி, தளத்தில் அதன் ஜோடி, கைரேகை வைத்தால் கணக்கு திறக்கும். தளத்திலிருந்து திருட ரகசியம் எதுவும் இல்லை, போலித் தளத்திலும் அது வேலை செய்யாது. கிடைக்கும் இடத்தில் எடுத்துக்கொள்ளுங்கள், ஜிமெயிலில் இன்றே வைக்கலாம். நம் வங்கிகளிலும் அரசுத் தளங்களிலும் பலவற்றில் இந்த வசதி இன்னும் இல்லை என்பதால் இதை மட்டுமே நம்பி இருக்க முடியாது.

யாருக்கு எது

கொலுசுப் பட்டறை, ஜவுளிக் கடை நடத்துபவர்களுக்கு ஜி.எஸ்.டி., வருமான வரிப் பாஸ்வேர்டுகள் ஆடிட்டரிடமும் கணக்குப் பிள்ளையிடமும் இருக்கும். அவற்றில் உங்கள் சொந்தச் சொற்களைப் போடாதீர்கள். வருமான வரித் தளம் 8 முதல் 14 எழுத்து வரைதான் வாங்கும், சொல்வரிசை அதில் அடங்காது. மேனேஜர் உருவாக்கும் 14 எழுத்தைப் போடுங்கள், 80 பிட்டைத் தாண்டும். பிட்வார்டன் இலவசக் கணக்கில் இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளலாம். ஆள் வேலையை விட்டுப் போன அன்றே மாற்றுங்கள்.

ஏற்காட்டில் ஹோம்ஸ்டே, எஸ்டேட் நடத்துபவர்களின் தொல்லை சிக்னல். இருபது கொண்டை ஊசி வளைவுக்கு மேலே, பள்ளத்தில் இருக்கும் வீட்டில் ஓடிபி எஸ்.எம்.எஸ். வந்துசேரும்முன் நேரம் முடிந்துவிடும். எஸ்.எம்.எஸ்.ஸுக்குப் பதில் ஆதென்டிகேட்டர் ஆப் வையுங்கள். 30 விநாடிக்கு ஒரு எண் போனிலேயே உருவாகும், சிக்னல் தேவையில்லை. போனின் கடிகாரம் மட்டும் சரியாக இருக்க வேண்டும், நேரம் தள்ளிப்போனால் எண் ஏற்காது. முன்பதிவுத் தளத்தின் பாஸ்வேர்டை ரிசப்ஷன் சுவரில் ஒட்டுவதைவிட, ஊழியருக்குத் தனி லாகின் கொடுக்க அந்தத் தளத்தில் வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஓய்வூதியம் வாங்கும் பெரியவர்களுக்குப் புதிதாக மேனேஜர் கற்றுக்கொடுத்து அலைக்கழிக்க வேண்டாம். ஐந்தாறு கணக்குதான் இருக்கும். கடைசிச் சொல் இல்லாத நோட்டு, மெயிலுக்கு எட்டுச் சொல், அவ்வளவு போதும். அவர்களுக்கு உண்மையான ஆபத்து போனில் வந்து ஓடிபி கேட்பவர்கள்தான், எந்தப் பாஸ்வேர்டும் அதைத் தடுக்காது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழைக்க வேண்டும் என்பதை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.

இ-சேவை மையத்திலோ பிரவுசிங் சென்டரிலோ தொடங்கிய கணக்குகளைத் தனியாகக் கவனிக்க வேண்டும். அவசரத்தில் அங்கே உங்கள் பெயர்@123 என்றுதான் வைத்திருப்பார்கள். சில நேரம் மீட்பு மெயிலாகக் கடையின் மெயிலே பதிவாகியிருக்கும். வீட்டுக்கு வந்ததும் உங்கள் போனிலிருந்து நுழைந்து, முதலில் மீட்பு எண்ணையும் மெயிலையும் உங்களுடையதாக்குங்கள், பிறகு பாஸ்வேர்டை மாற்றுங்கள். வரிசை மாறினால் மாற்றிய தகவலே கடைக்குப் போகும். அங்கே பிரவுசர் 'சேமிக்கவா' என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முயல வேண்டாம், பாதியில் விட்டுவிடுவீர்கள். முதலில் மெயில், ஏனென்றால் மற்ற எல்லாக் கணக்கின் 'மறந்துவிட்டது' லிங்க்கும் அங்கேதான் வரும். அடுத்து வங்கி. மற்றவை அவ்வப்போது உள்ளே போகும்போது. எது ஏற்கெனவே கசிந்தது என்று பார்க்க, டிராய் ஹன்ட் 2013-ல் தொடங்கிய ஹேவ் ஐ பீன் போன்ட் தளத்தில் உங்கள் மெயில் முகவரியைப் போட்டுப் பாருங்கள். கசிந்த கணக்கின் பாஸ்வேர்டு வேறெங்கெல்லாம் இருக்கிறதோ அத்தனையையும் முதல் வாரத்திலேயே மாற்றிவிடுங்கள்.

மெயிலில் மாற்றியபின் பாதுகாப்புப் பக்கத்துக்குப் போய், நுழைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைத் திறந்து, விற்ற போன், பழைய ஆபீஸ் கணினி எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள். அதே பக்கத்தில் மீட்பு மொபைல் எண்ணையும் சரிபாருங்கள். ரீசார்ஜ் செய்யாமல் விட்டுத் துண்டிக்கப்பட்ட பழைய எண், 90 நாளுக்குப் பிறகு வேறொருவருக்குக் கொடுக்கப்படலாம். உங்கள் மெயிலைத் திறக்கும் ஓடிபி அன்றிலிருந்து அவர் போனுக்குப் போகும்.